பழைய டி.வி.யில் புதிய ஸ்டிக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 21 அங்குலப் பழைய டியூப் டி.வி. இன்னும் நன்றாக ஓடுகிறது. அம்மா தமிழ் நிகழ்ச்சிகள் பார்ப்பது அதில்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், இணையத்தில் வரும் நிகழ்ச்சிகளை டி.வி.யில் காட்டும் ஃபயர் டி.வி. ஸ்டிக் வாங்கி அனுப்பினான். அதைச் செருக டி.வி.யில் இடமே இல்லை. பாலக்காட்டுக் கடை ஒன்றில் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியும் திரையில் ஒன்றும் வரவில்லை. பழுது எதில்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டி.வி.யைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அந்தக் கன்வெர்ட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எச்டிஎம்ஐ எனும், புதிய டி.வி.களில் உள்ள தட்டையான துளையின் அருகே 'இன்புட்' என்றும், ஏவி எனப்படும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வட்டத் துளைகளின் அருகே 'அவுட்புட்' என்றும் பொறித்திருக்க வேண்டும். மாறி இருந்தால், அது பழைய டிவிடி பிளேயரைப் புதிய டி.வி.யில் இணைப்பதற்கான பெட்டி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கடைக்காரர்களே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு திசைக்குச் செய்ததை மறு திசைக்குப் பயன்படுத்த வழியில்லை. திருப்பிக் கொடுத்து 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று பின்களும் உள்ள வெறும் ஒயரைக் காட்டினால் வாங்க வேண்டாம். ஸ்டிக் அனுப்புவது டிஜிட்டல் சிக்னல், உங்கள் டி.வி. ஏற்பது அனலாக் சிக்னல் என்பதால், நடுவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மின்னணுச் சுற்று இருந்தே ஆக வேண்டும்.

அந்தச் சுற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஸ்டிக்குக்கு அதனுடன் வந்த அடாப்டரையும், கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் தரும் செல்போன் சார்ஜர் ஒன்றையும் தனித்தனியே போடுங்கள். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டி.வி.யில் ஒலிக்கு ஒரே துளைதான் என்றால் வெள்ளையை மட்டும் செருகினால் போதும். பின்பக்கத் துளைகளில் செட்டாப் பாக்ஸ் இருந்தால், முன்புறமோ பக்கவாட்டிலோ இன்னொரு தொகுதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிறகு ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்துங்கள்.

ஸ்டிக்கை முதன்முதலில் அமைக்கும் வேலையை மட்டும், பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள எச்டிஎம்ஐ டி.வி.யில் முடித்துக்கொள்வது நல்லது. பழைய திரையில் 576 வரிகளே தெரியும் என்பதால், பாஸ்வேர்டு போடும்போது வரும் சிறிய எழுத்துகள் அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கலங்கலாகத்தான் தெரியும். நிகழ்ச்சி பார்க்க அது தடையில்லை. புதிய படங்கள் 16:9 அகலத்தில் எடுக்கப்படுவதால் 4:3 திரையில் ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரியலாம், டி.வி. மெனுவில் 16:9 இருந்தால் அதை வைத்துவிட்டால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் முகங்கள் சரியாகிவிடும்.

கேள்வி: சரியான கன்வெர்ட்டர்தான் வாங்கினேன். ஆனால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டோடுகிறது; ஒலியும் இல்லை.
– வாசகர், செங்கோட்டை

பதில்: கன்வெர்ட்டரின் விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரு நிலைகள். இவை டி.வி.க்கு வண்ணப் படத்தை அனுப்பும் இரு வேறு முறைகள். இந்தியாவில் பால் முறையே வழக்கத்தில் இருந்தது. என்டிஎஸ்சியை அறியாத டி.வி. நிறத்தை இழந்து படத்தையும் நிலைநிறுத்தத் தடுமாறும். சுவிட்சைப் பால் பக்கம் தள்ளிவிட்டு, கன்வெர்ட்டரின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். ஒலிக்கு, ஸ்டிக்கின் செட்டிங்ஸில் டால்பி என்ற சுருக்கிய ஒலி முறையை விலக்கி, பிசிஎம் (PCM) என்ற சுருக்காத ஒலி முறையைத் தேர்ந்தெடுங்கள்; விலை குறைந்த கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் டால்பி ஒலியைப் பிரித்தெடுப்பதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மெனு தெரிந்து, படம் ஓடத் தொடங்கியதும் திரை கறுத்துப்போனால், நகல் தடுப்புக்கான எச்டிசிபி முறையை அந்தக் கன்வெர்ட்டர் ஏற்கவில்லை என்று கொள்ளலாம். அதை ஏற்கும் வேறொன்றுதான் வாங்க வேண்டும். எதற்காகவும் டி.வி.யின் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள்: ஒயரைப் பிடுங்கிய பின்னும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.