அரிசி ஆலைச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுவது குறித்து

வணக்கம் ஐயா. மன்னார்குடியில் உள்ள தங்கள் அரிசி ஆலைக்கு வரும் எடைச்சீட்டு, கொள்முதல் பில், லாரி வாடகை ரசீது ஆகிய அனைத்தையும் ஒரே ஓசிஆர் மென்பொருளால் (தாளின் படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துக் கணினி எழுத்தாக்கும் மென்பொருள்) ஏற்றிவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது என்பதே என் கருத்து. தாளைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் தரும் மின் விலைப்பட்டியலில் (இ-இன்வாய்ஸ்) க்யூஆர் குறியீடு இருக்கும். அதற்கான செயலியில் ஸ்கேன் செய்தால் இரு தரப்பு ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவை பிழையின்றிக் கிடைத்துவிடும். பொருள்வாரி விவரம் மட்டும் அதில் இராது.

சாதாரண அச்சுப் பில்களுக்கு ஓசிஆர் போதும். 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. ஆகவே எண்ணை மென்பொருள் தவறாகப் படித்திருந்தால் பெரும்பாலும் அதைக் கொண்டே பிடித்துவிடலாம்.

கையெழுத்து எடைச்சீட்டுகளைத்தான் ஓசிஆரிடம் விடவே கூடாது. சம்பா அறுவடை நெரிசலில் அவசரமாக எழுதிய 1-ஐ 7 என்று மென்பொருள் படித்தால், இழப்பு நெல் கொண்டுவந்த விவசாயிக்கோ தங்களுக்கோதான். அவற்றை ஆளே தட்டச்சு செய்யட்டும். மொத்த எடையிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் வருவது சீட்டிலுள்ள நிகர எடையோடு பொருந்தாதபோது, எக்செல் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கும்படி அமைத்துவிடுங்கள். அதற்கு முன், எடைமேடைக் கருவியில் கணினி இணைப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடை நேரடியாகவே பதிவாகிவிடும்.