மகனைத் தனியாக வளர்க்கும் தாயைப் பற்றி, கதையைவிட அதில் வரும் மனிதர்களே மனத்தில் நிற்கும் படம் எது?

மைக் மில்ஸ் எழுதி இயக்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி விமன்' (2016) பாருங்கள். எனக்கும் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் இருக்கிறான். அவன் அப்பா தவறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மூவறை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

படம் நடப்பது 1979இல், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில். டொரோத்தியாவுக்கு 55 வயது, மகன் ஜேமிக்கு 15. கணவர் பிரிந்து போய்விட்டார். பெரிய பழைய வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறாள். காலையில் தாயும் மகனும் உட்கார்ந்து நாளிதழில் பங்கு விலைகளைப் பார்ப்பார்கள். அவர்களுக்குள் இருக்கும் நெருக்கத்தைக் காட்ட அதுவே போதுமானதாக இருக்கிறது. மில்ஸ் தம் தாயை நினைத்து உருவாக்கிய பாத்திரம் இது. அனெட் பெனிங் நடித்திருக்கிறார். மகன் பேசும்போது அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

என் கணவர் போன பிறகு உறவினர் பலரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஆண் பிள்ளைக்கு ஆண் துணை வேண்டும்." அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னவர்களும் உண்டு. டொரோத்தியாவின் வீட்டிலேயே வில்லியம் என்ற தச்சுவேலை தெரிந்த ஆண் குடியிருக்கிறார். அவரோடு ஜேமிக்கு ஒட்டவில்லை. மூச்சை அடக்கும் விபரீத விளையாட்டில் மகன் மயங்கிக் கிடந்ததைக் கண்டு கலங்கிப்போனவள், வாடகைக்கு இருக்கும் புகைப்படக்காரி ஆபியிடமும், மகனின் தோழி ஜூலியிடமும் "இவனை வளர்க்க உதவுங்கள்" என்று கேட்கிறாள். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெற்றவள் செய்கிற காரியமா இது? ஜேமிக்கும் கோபம் வருகிறது. ஆனால் தன்னால் முடியாததை முடியாது என்று வாய்விட்டுச் சொல்லும் அந்தத் துணிவு இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இன்னோர் இடம். மகன் கேட்கும் இரைச்சலான பாட்டு அவளுக்குப் புரிவதில்லை. அதற்காக அவனைத் திட்டவில்லை. வில்லியமும் அவளும் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டு, ஆடிப் பார்க்கிறார்கள். பிள்ளையின் உலகத்துக்குள் எட்டிப் பார்க்க அவள் படும் பாடு என்னை உலுக்கிவிட்டது.

வெளியுலகில் அவன் எப்படிப்பட்டவன் என்பதை நீ பார்க்கிறாய், நான் ஒருநாளும் பார்க்க முடியாது என்ற பொருளில் ஆபியிடம் அவள் ஒன்று சொல்வாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

போன மாதம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையம் அருகே நிறுத்தத்தில் என் மகன் மூன்று நண்பர்களோடு நின்றிருந்தான். பள்ளிச் சட்டை வெளியே தொங்க, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் "சாப்பிட்டாயா?" என்றால் "ம்" என்பவன். இவ்வளவு பேசுவானா? எழுந்து கண்ணாடியைத் தட்டக் கை நீண்டது, மடக்கிக்கொண்டேன். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் மூன்று ஆண்டுகளில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போய்விடுவான். அவனைப் பார்த்ததாக இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும்: படத்தில் பாலுறவு பற்றிய பேச்சு வெளிப்படையாக வரும். பிள்ளையோடு சேர்ந்து பார்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். நான் இரண்டு முறையும், அவன் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன்.