பொண்ணுக்கு முதுகு வளையுது, நரம்பு வீக்னஸா டாக்டர்?

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு. குனியும்போது வலது பக்க முதுகு தூக்கலா தெரியுதுன்னு பி.டி. டீச்சர்தான் கவனிச்சாங்க. எக்ஸ்ரேல 22 டிகிரி வளைவு, இடியோபதிக் ஸ்கோலியோசிஸ், காரணம் தெரியாது, 4 மாசம் கழிச்சு வாங்கன்னுட்டார் எலும்பு டாக்டர். என் நாத்தனார் இது நரம்புத் தளர்ச்சி, பி12 ஊசி போட்டா நிமிர்ந்துடும்ங்கறாங்க. எம்ஆர்ஐ எடுக்கணுமா? கை கால் விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயத்தை முதல்ல இறக்கி வைங்கம்மா, 22 டிகிரி வளைவால கை கால் விழாது. ஸ்கூல் பேக் தூக்குனதாலயோ கோணலா உக்காந்ததாலயோ வந்ததும் இல்ல, அதுக்காக பொண்ணைத் திட்டாதீங்க.

நாத்தனார் சொன்னதுல ஊசி விஷயம் வேஸ்ட். ரத்த டெஸ்ட்ல பி12 கம்மியா இருந்தா அதுக்காக போடலாம், முதுகு அதனால நிமிராது. ஆனா நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அடிச்சு சொல்லவும் முடியாது. கண்ணை மூடிக்கிட்டு மூக்கைத் தொடுங்க, கரெக்டா தொடுவீங்க, ஏன்னா தசைக்குள்ள இருக்கற நரம்பு முனைங்க கை எங்க இருக்கு முதுகு எப்படி நிக்குதுன்னு மூளைக்கு சொல்லிக்கிட்டே இருக்கும். 2017-ல இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்காரங்க எலிங்களுக்கு இந்த நரம்பு வேலை செய்யாதபடி ஒரு ஜீனை எடுத்துப் பார்த்தாங்க. பொறக்கும்போது முதுகு நேரா இருந்துச்சு, எலும்போட அமைப்புல கோளாறு இல்ல, வளர்ற பருவத்துலதான் வளைஞ்சுது, கிட்டத்தட்ட நம்ம பிள்ளைங்களுக்கு வர்ற மாதிரியே. அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்காவுல, இந்த உணர்வுக்குத் தேவையான பீசோ2ங்கற ஜீன் வேலை செய்யாத 2 பேரைப் பத்தி எழுதினாங்க, கண்ணை மூடுனா அவங்க கை கால் எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் முதுகு வளைஞ்சிருந்துச்சு.

இதைப் படிச்சிட்டு உங்க பொண்ணுக்கும் அதான்னு முடிவு கட்டிடாதீங்க. ஓடி ஆடற பிள்ளைக்கு அப்படி பெரிய குறை இருக்காது, இருந்தா ஏதோ லேசான வித்தியாசமா இருக்கலாம். அதுகூட வளைவுக்குக் காரணமா, இல்ல வளைஞ்சதால வந்ததான்னு இன்னும் தீரல. கோழிக்குஞ்சுக்கு மூளையில இருக்கற பீனியல் சுரப்பியை எடுத்தா முதுகு வளையுதுன்னு, அது சுரக்கற மெலடோனின் ஹார்மோன் பின்னாடி ஒரு காலத்துல எல்லாரும் ஓடினாங்க, மனுஷங்க கிட்ட அது சரியா நிக்கல. அதனால இதுக்குன்னு நரம்பு மாத்திரை, டானிக்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

எம்ஆர்ஐ எல்லாருக்கும் தேவையில்ல. மார்புப் பகுதி வளைவு வலது பக்கம் போறதுதான் வழக்கம். இடது பக்கம் போனா, 10 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சா, மடமடன்னு கூடுனா, இருமும்போது பின்மண்டை வலிச்சா, கால் மரத்துப் போனா கண்டிப்பா எடுக்கணும். இன்னொன்னு, தொப்புளைச் சுத்தி லேசா கீறினா வயித்துத் தசை சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் சுருங்கலேன்னா தண்டுவடத்துல கோளாறோன்னு சந்தேகப்படுவோம். டாக்டர் அதைப் பார்த்தாரான்னு கேளுங்க, தப்பில்ல. சிலருக்கு சிறுமூளையோட அடிப்பகுதி கழுத்துப் பக்கம் இறங்கி தண்டுவடத்துக்குள்ள நீர் கோத்திருக்கும், அது எம்ஆர்ஐலதான் தெரியும், அப்படி இருந்தா நியூரோசர்ஜன் பார்க்கணும்.

நீங்க எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு, பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா? இன்னும் வரலேன்னா வளர்ச்சி நிறைய பாக்கி இருக்கு, வளைவு கூடறதுக்கு வாய்ப்பும் அதிகம், அப்போ அந்த 4 மாசத்தை 5 மாசமாக்கக் கூடாது. 25 டிகிரியைத் தாண்டி வளர்ச்சியும் பாக்கி இருந்தா பிரேஸ், அதாவது முதுகைத் தாங்கிப் பிடிக்க உடம்பைச் சுத்திப் போடற பட்டை, போடச் சொல்வாங்க. வேண்டாம்னு அழுவா. ஆனா 2013-ல வந்த பெரிய ஆய்வுல பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேர், ஆபரேஷனைப் பத்தி யோசிக்க வைக்கற 50 டிகிரியைத் தொடாம வளர்ச்சியை முடிச்சாங்க, போடாதவங்கள்ல 48 சதவீதம்தான். தினம் சராசரியா 13 மணி நேரத்துக்கு மேல போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல தப்பிச்சாங்க.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமை பத்திரமா வச்சு அடுத்த தடவை எடுத்துட்டுப் போங்க. அளக்கறதுலயே 5 டிகிரி வரைக்கும் முன்ன பின்ன வரும், அதனால 22 போய் 24-னு வந்தா உடனே கூடிடுச்சுன்னு நினைக்க வேண்டாம், ரெண்டு படத்தையும் ஒரே டாக்டர் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து சொல்லட்டும்.