அண்டர்-10 ஃபுட்டி: எல்லாரும் பந்து பின்னாடி, நாலு பேருக்கு பந்தே கெடைக்கல

மெல்பர்ன் தென்கிழக்குப் பக்கத்துல இருந்து ஒரு அப்பா எழுதியிருக்கார். பையன் ஆஸ்கிக்னு சின்னப் பசங்களுக்கான ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) பயிற்சி முடிச்சு கிளப்புல அண்டர்-10 டீமுக்கு மாறினப்போ "கோச் கிடைக்கலன்னா டீமே இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க, இவரும் கையத் தூக்கிட்டார். ஊர்ல கிரிக்கெட் ஆடினவர், ஃபுட்டி இதுவரைக்கும் டிவில பாத்ததோட சரி. அவர் கேள்வி இதுதான்: "அண்ணா, 16 பசங்க, ஃபீல்டுல 12 பேர். பொசிஷன் சொல்லி நிறுத்தினாலும் விசில் அடிச்ச அடுத்த செகண்ட் எல்லாம் பந்து மேல விழறாங்க. ரெண்டு பேர்தான் எல்லா கோலும் அடிக்கிறாங்க. நாலு பேர் மேட்ச் முழுக்க பந்தைத் தொடவே இல்ல. போன ஞாயிறு ஒருத்தன் பேக் பாக்கெட்ல, அதான் நம்ம கோல் பக்கத்து மூலைல, உக்காந்து புல்லு புடுங்கிட்டு இருந்தான், அவன் அம்மா என்னையே பாத்துட்டு நிக்கிறாங்க. என்ன டேக்டிக்ஸ் சொல்லிக் குடுக்கலாம்?"

தம்பி, அந்தப் புல்லு புடுங்கின பையன்கிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க டீம்லயே நீங்க சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். "இங்கயே நில்லு"ன்னீங்க, நின்னான், பந்து பத்து நிமிஷமா அந்தக் கடைசியிலயே கெடந்துச்சு. சொல் பேச்சு கேக்காம ஓடினவனுக்கெல்லாம் பந்து கிடைச்சுது. இதை மத்த பசங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க. பொசிஷன்ல நின்னா பந்து இல்ல, ஓடினா உண்டு, அப்புறம் எவன் நிப்பான்? கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு கதவைத் திறந்தா எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள பூர்ற மாதிரிதான், ரெண்டாவது பந்தி கண்டிப்பா உண்டுன்னு நம்பிக்கை இருந்தாத்தான் வெளிய நிப்பாங்க. அதனால "ஸ்ப்ரெட் அவுட், ஸ்ப்ரெட் அவுட்"னு பவுண்டரில நின்னு கத்தறதுல பிரயோஜனமே இல்ல, நானும் ரெண்டு சீசன் தொண்டை கிழியக் கத்திப் பாத்தவன்தான்.

நீங்க கிரிக்கெட் ஆளுங்கறதால ஒண்ணு சொல்றேன். கிரிக்கெட்ல டர்ன் வரும். எவ்வளவு சுமாரா ஆடறவனுக்கும் பேட்டிங் வந்துச்சுன்னா அந்த நிமிஷம் பந்து அவனுக்குத்தான். ஃபுட்டில டர்ன்னே கிடையாது. அதோட ஆஃப்சைடு கிடையாது, மைதானம் ஓவல், பந்தும் ஓவல், எந்தப் பக்கம் துள்ளும்னு பெரியவங்களுக்கே தெரியாது, ஆள் நாலா பக்கத்துல இருந்தும் வந்து விழுவாங்க. சாக்கர்ல ஒன்பது வயசுப் பையனுக்கு "கோல் அங்க, நாம இங்க"ன்னு ஒரு கோடு மாதிரி மனசுல நிக்கும், இங்க அதுவும் இல்ல. அதனால இந்த வயசுல டேக்டிக்ஸுன்னா முக்கால்வாசி யார் எங்க எவ்வளவு நேரம்ங்கறதுதான், மிச்சம் கால்வாசிதான் விளையாட்டு மூளை.

உங்களுக்கு 16 பேர், 12 இடம், நாலு குவார்ட்டர். அதிர்ஷ்டக்காரர் நீங்க, கணக்கு அவ்வளவு அழகா வருது. நாலு நாலு பேரா நாலு குரூப் போடுங்க, கைல ரிஸ்ட் பேண்ட் குடுங்க, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். முதல் குவார்ட்டர்ல சிவப்பு பேக் லைன், நீலம் நடுவுல, பச்சை ஃபார்வர்ட், மஞ்சள் பெஞ்ச். அடுத்த குவார்ட்டர் எல்லாரும் ஒரு படி முன்னாடி: பேக்ல இருந்தவன் நடுவுக்கு, நடுவுல இருந்தவன் ஃபார்வர்டுக்கு, ஃபார்வர்ட் பெஞ்சுக்கு, பெஞ்ச்ல இருந்தவன் பேக்குக்கு. மேட்ச் முடியும்போது ஒவ்வொருத்தனும் மூணு இடத்துலயும் ஒவ்வொரு குவார்ட்டர் ஆடியிருப்பான், ஒரு குவார்ட்டர் உக்காந்திருப்பான். யாரும் வாயத் திறக்க முடியாது. குரூப் பிரிக்கறதுலதான் உங்க மூளை வேணும்: நல்லா கிக் பண்றவன் ஒருத்தன், பயந்த சுபாவம் ஒருத்தன், நடுவாந்தரம் ரெண்டு பேர்னு கலந்து போடுங்க, ஒருத்தனோட நெருங்கின சிநேகிதன் அதே குரூப்ல இருந்தா இன்னும் நல்லது. அந்த ரெண்டு ஸ்டார்களை வேற வேற குரூப்ல வெச்சீங்கன்னா உங்க "ரெண்டு பேரே எல்லா கோலும்" பிரச்சினை பாதி அங்கயே தீந்துரும், ஆளுக்கு ஒரு குவார்ட்டர்தானே ஃபார்வர்ட்ல.

ஜூலை மாசம் ஜலதோஷம், பர்த்டே பார்ட்டின்னு 14 பேர்தான் வருவாங்க. அப்போ ஒவ்வொரு குவார்ட்டரையும் பாதியா வெட்டிக்கங்க, எட்டு அரைக் குவார்ட்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர் பெஞ்ச். 12 பேர் ஒரு தடவை உக்காருவாங்க, ரெண்டு பேர் மட்டும் ரெண்டு தடவை உக்காரணும். அதுல ஒருத்தன் உங்க பையனா இருக்கட்டும். சும்மா சொல்லல, கோச் பையன் ரெண்டு தடவை பெஞ்ச்ல உக்காந்ததைப் பாத்த எந்த அப்பாவும் அந்த வாரம் உங்ககிட்ட சண்டைக்கு வர மாட்டார். பெஞ்ச்ல இருக்கறவங்களையும் சும்மா குளிர்ல விடாதீங்க, அசிஸ்டெண்ட் யாராவது ஒரு பந்தோட பின்னாடி கூட்டிட்டுப் போய் ஹேண்ட்பால் (பந்தை முஷ்டியால குத்தி பாஸ் பண்றது) தட்டிட்டு இருக்கட்டும்.

சரி, இப்போ விளையாட்டு. மூணே வார்த்தை: முன்னாடி, பக்கத்துல, பின்னாடி. நம்ம டீம்காரன் ஒருத்தன் பந்தை எடுத்துட்டான்னா, அவனுக்கு முன்னாடி ஒருத்தன் லீட் ஓடணும், அதாவது கிக் வாங்க காலி இடத்துக்கு ஓடணும், பக்கத்துல ஒருத்தன் ஹேண்ட்பால் வாங்கற தூரத்துல இருக்கணும், பின்னாடி ஒருத்தன் பந்து கை நழுவினா எடுக்கறதுக்கு நிக்கணும். அவ்வளவுதான். இதுல "பின்னாடி"தான் யாருக்கும் புடிக்காத வேலை, ஆனா பந்து மேல விழற அந்தக் கொத்துக்குள்ள இருந்து பந்து பெரும்பாலும் பிதுங்கி வெளிய வர்றது அங்கதான். அதை ஒரு தடவை கண்ணால பாக்க வெச்சுட்டீங்கன்னா போதும், அந்த இடத்துக்கே போட்டி வரும். எங்க டீம்ல ஒரு ஒல்லியான பையன், மோதலுக்கு பயம், கொத்துல இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கச் சொன்னேன், பந்து உருண்டு நேரா அவன் கைக்கே வந்துச்சு, ஆளே இல்ல சுத்தி, எடுத்து ஓடி, பந்தைத் தரையில ஒரு பவுன்ஸ் வெச்சு கிக் பண்ணிட்டான். கிக் கொஞ்சம் சொதப்பல்தான், கோலுக்குப் பக்கவாட்டுல போயிருச்சு, அதுக்குப் பேர் பிஹைண்ட், ஒரு பாயிண்ட். அடுத்த வாரத்துல இருந்து ஆறு பேர் அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கிறாங்க, கொத்துக்குள்ள போக ஆளில்ல! அது வேற கதை.

இதை வெள்ளைப் போர்டுல மேக்னட் வெச்சு விளக்காதீங்க, ஒன்பது வயசுக்கு அது மண்டைல ஏறாது, ஒருத்தன் மேக்னட்டை எடுத்து பாக்கெட்ல போட்டுட்டுப் போயிருவான். பிராக்டிஸ்லயே பண்ண வைங்க. 15 மீட்டர் சதுரம் கோன் வெச்சு மூணு பேர் பந்து வெச்சிருக்க, ரெண்டு பேர் புடுங்கணும், பத்து நிமிஷம். அப்புறம் அஞ்சுக்கு அஞ்சு சின்ன மேட்ச், ஒரே ஒரு ரூல்: மூணு வேற வேற ஆள் கை பட்டாத்தான் கோல் செல்லும். ஸ்டார் பையன் முதல் அஞ்சு நிமிஷம் மூஞ்சியத் தூக்குவான், அப்புறம் அவனே "இங்க வா, இங்க நில்லு"ன்னு மத்தவனுக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுருவான், ஏன்னா ஜெயிக்க வேற வழி இல்ல.

இன்னொண்ணு, க்யூ வேண்டாம். 12 பசங்க வரிசைல நின்னு ஒரே பந்தை மாத்தி மாத்தி கிக் பண்ணினா, ஆளுக்கு பத்து செகண்ட்னு வெச்சாக்கூட ஒருத்தனுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கிக், பத்து நிமிஷத்துக்கு அஞ்சு. அதையே ரெண்டு பேருக்கு ஒரு பந்துன்னு குடுத்தா அதே பத்து நிமிஷத்துல 30 வரும். கிளப்புல பந்து பத்தலன்னா கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க, சைஸும் பாத்து வாங்குங்க. பெரிய ஆம்பளைங்க ஆடறது சைஸ் 5, ஏஎஃப்எல்னு சொல்ற பெரிய தேசிய லீக்கோட விமென்ஸ்லயே சைஸ் 4தான், வீட்டுல அப்பா ஆசையா வாங்கிக் குடுத்த பெரிய பந்தைத் தூக்கிட்டு வர்ற பையனுக்கு கைல நிக்காது, அதுலயே கிக் கெட்டுப் போயிரும்.

ஹேண்ட்பாலுக்கு தனியா நேரம் ஒதுக்குங்க. நம்ம வீட்டுப் பசங்க கிரிக்கெட், பாஸ்கெட்பால் பழக்கத்துல பந்தை வீசிடுவாங்க, அம்பயர் உடனே விசில். ஒரு கைல பந்து தட்டுல வெச்ச மாதிரி உக்காரணும், இன்னொரு கை முஷ்டி மூடி கீழ இருந்து குத்தணும், கட்டைவிரல் முஷ்டிக்குள்ள போகக் கூடாது, வெளியதான். உள்ள வெச்சு குத்தினா விரல் போச்சு. கொத்தைக் கலைக்கறதுக்கு கிக்கை விட ஹேண்ட்பால்தான் நல்ல மருந்து, ஏன்னா பக்கத்துல நிக்கறவனுக்கும் பந்து வரும்ங்கற நம்பிக்கையே அதுலதான் வருது.

பந்து தொடாத அந்த நாலு பேரைப் பத்தி. கையில பந்து வந்தா மட்டும்தான் கணக்குன்னா அவங்க என்னிக்கும் பூஜ்யம்தான். ஃபுட்டில ஒன் பர்சென்டர்னு சொல்லுவாங்களே, எதிராளி கிக்கை கை வெச்சு தடுக்கிற ஸ்மதர், மார்க் (கிக்கை நேரா கேட்ச்) பண்ண விடாம தட்டி விடற ஸ்பாய்ல், நம்ம ஆளுக்கு வழி கெடைக்க எதிராளியை மறிக்கிற ஷெப்பர்ட், இதெல்லாம் பெரியவங்க கிளப்புலயே எண்ணுவாங்க. ஒரு பேரன்ட்கிட்ட பேப்பர் குடுத்து ஒவ்வொரு பையனுக்கும் இதையெல்லாம் கோடு போடச் சொல்லுங்க, அந்தப் புல்லு பையனோட அம்மாகிட்டயே குடுங்க, அவங்க அடுத்த வாரம் உங்களை முறைக்க நேரம் இருக்காது. ரெண்டாவது குவார்ட்டர் முடிஞ்சு யாருக்காவது ஒரு கோடு கூட இல்லன்னா, மூணாவதுல நடுவுல ஆடற ஒருத்தனோட இடம் மாத்தி அவனை ரக் பக்கத்துல ரோவரா நிறுத்துங்க, பால்-அப்ல (அம்பயர் பந்தை மேல தூக்கிப் போடறது) எகிறித் தட்டற ரக்மேனோட பந்து அவன் காலடியிலதான் விழும்.

உங்க லெட்டர் கடைசியில "ஏஎஃப்எல்ல ஸோன் டிஃபென்ஸ் பண்றாங்களே, அதைச் சொல்லிக் குடுக்கலாமா"ன்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம் தம்பி. 2000ல எஸன்டன் டீம் அந்த சீசன் முழுக்க தோத்தது ஒரே ஒரு மேட்ச், அது வெஸ்டர்ன் புல்டாக்ஸ்கிட்ட, அவங்க கோச் டெர்ரி வாலஸ் ஆளையெல்லாம் பின்னாடி இறக்கி ஃப்ளட் பண்ணித்தான் ஜெயிச்சார். 2008ல ஹாதார்ன் டீம் கப் அடிச்சப்போ அவங்க கோச் கிளார்க்ஸனோட க்ளஸ்டர்ங்கற ஸோன் டிஃபென்ஸ் பத்தி ஊரே பேசுச்சு. எல்லாம் சரி, ஆனா அந்த மாதிரி கூட்டம் சேந்துட்டே போகுதுன்னுதான் 2019ல ஏஎஃப்எல்லே 6-6-6 ரூல் கொண்டு வந்து, சென்டர் பவுன்ஸ் அப்போ ஒவ்வொரு டீமும் ரெண்டு 50 மீட்டர் ஆர்க்குள்ளயும் ஆறாறு பேர், நடு சதுரத்துல நாலு, விங்ல ரெண்டுன்னு நிக்க வெச்சாங்க. சம்பளம் வாங்கற ஆளுங்களையே ரூல் போட்டுப் பிரிச்சு நிறுத்த வேண்டியிருக்கு, நீங்க ஒன்பது வயசுக்காரங்களை வேணும்னே கூட்டம் சேக்கப் போறீங்களா? ஒரு எதிர் டீம் கோச் எங்க மேல ஃப்ளட் போட்டார் ஒரு தடவை, ஜெயிச்சாங்க, ஒரே கோல் வித்தியாசம், ஆனா அவங்க ஃபார்வர்ட்ல தனியா நின்ன பொண்ணு மேட்ச் முழுக்க கோல் போஸ்டைச் சுத்தி சுத்தி வந்துட்டு இருந்துச்சு.

பேரன்ட்ஸ் விஷயம் சுருக்கமா. குரூப் லிஸ்டை வியாழன் ராத்திரியே வாட்ஸாப்ல போட்டுருங்க, ஞாயிறு காலைல கிரவுண்ட்ல வெச்சு "என் பையன் ஏன் சென்டர்ல இல்ல"ன்னு யாரும் ஆரம்பிக்க முடியாது. நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தர் எங்கிட்ட பையனோட கோல் கணக்கை எக்ஸெல்ல போட்டு அனுப்பினார், நான் அவரை கோல் அம்பயரா நிறுத்திட்டேன். உங்க லீக் பை-லாஸை ஒரு தடவை படிச்சுருங்க, இந்த வயசுல ஸ்கோர் எழுதலாமா, பசங்க அவங்கவங்க பகுதியிலயே நிக்கற ஸோன் கட்டாயமா, டேக்கிள் எவ்வளவு தூரம், குவார்ட்டர் எத்தனை நிமிஷம்னு லீக்குக்கு லீக் மாறும். குழந்தைங்களோட வேலை செய்யறவங்களுக்கான பின்னணிச் சோதனை, வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக், எடுத்தாச்சா? விக்டோரியால வாலன்டியருக்கு ஃப்ரீதான். தலைல அடிபட்டு கன்கஷன் ஆனா பையன் அன்னிக்கு திரும்ப உள்ள போகக் கூடாது, கம்யூனிட்டி ஃபுட்டில மேட்ச்சுக்குத் திரும்ப குறைஞ்சது 21 நாள், அவன் அப்பா என்ன கெஞ்சினாலும்.

குவார்ட்டர் பிரேக்ல உங்களுக்கு கெடைக்கறது ரெண்டு மூணு நிமிஷம். மண்டி போட்டு அவங்க கண் மட்டத்துக்கு வாங்க, சூரியன் உங்க மூஞ்சில அடிக்கற மாதிரி நில்லுங்க, அவங்க மூஞ்சில இல்ல. ஒரே விஷயம் சொல்லுங்க, அதுவும் பேர் சொல்லி, "பின்னாடி நின்னு பந்து எடுத்தது யாரு, கையத் தூக்கு." அப்புறம் ரிஸ்ட் பேண்ட் கலரைச் சொல்லி இடம் மாத்துங்க. ஆரஞ்சு வெட்டிட்டு வர்ற டியூட்டி இந்த வாரம் யாருக்குன்னு டீம் மேனேஜர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க, அது மட்டும் தவறிச்சுன்னா இந்த 16 பேரும் உங்களை சும்மா விட மாட்டாங்க.