பிலிப்பைன்ஸில் ஒரு சின்னக் கடலோர முனிசிபாலிட்டியின் எல்லை எதுவரை போகும்? அதை யார் நடத்துகிறார்கள்?

எல்லை கரையோடு முடிவதில்லை. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை கடலும் முனிசிபாலிட்டியின் பொறுப்புதான். 1991 உள்ளாட்சிச் சட்டமும் 1998 மீன்வளச் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன.

எனக்குப் பழக்கமான தாவின் முனிசிபாலிட்டியை வைத்தே சொல்கிறேன். நெக்ரோஸ் தீவில், டுமகெட்டே நகரத்துக்குத் தெற்கே 15 கிலோமீட்டர் போனால் வரும். மக்கள்தொகை 30,000 சொச்சம். பின்னால் தாலினிஸ் எரிமலை நிற்பதால் கடற்கரை மணல் கன்னங்கரேலென்று இருக்கும். வெள்ளை மணலை நினைத்து வருகிறவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். ஆனால் கடலடியில் பொடிப் பொடி உயிர்களைப் படமெடுக்கிறவர்கள் இந்தக் கறுப்பு மணலுக்காகவே வருகிறார்கள்.

நிர்வாகம் எளிதுதான். மேயர், துணை மேயர், 8 கவுன்சிலர்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஒருவர் தொடர்ந்து 3 முறைதான் மேயராக இருக்கலாம். ஊர் 23 பாரங்காய்களாக, அதாவது சின்னச் சின்ன உள்ளாட்சிப் பிரிவுகளாக, பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் 7 உறுப்பினர்களும் உண்டு. செலவுக்குப் பெரும்பாலும் மத்திய அரசின் வரிப்பங்கைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அந்த 23-ல் ஒன்று கடலுக்கு நடுவே இருக்கிறது: ஆப்போ தீவு. முக்கால் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. வேடிக்கை என்னவென்றால், தீவு தாவினுக்குச் சொந்தம், ஆனால் படகேறுவது பக்கத்து முனிசிபாலிட்டியான சம்போவாங்கிட்டாவின் மலாதாபாயில். புதன்கிழமை அங்கே சந்தை. மாடு, பன்றி பேரம் பேசும் கூட்டத்தைத் தாண்டித்தான் மூங்கில் கட்டிய பாங்கா படகுக்குப் போக வேண்டும்.

கடல் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஆப்போதான் நல்ல உதாரணம். சிலிமன் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஆங்கெல் அல்காலா தீவு மீனவர்களோடு பேசிப் பேசி, 1982-ல் பவளப்பாறையின் ஒரு சிறு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்தவைத்தார். மற்ற இடத்தில் தூண்டில் போடத் தடையில்லை. காவல் காத்ததும் தீவு மக்களே.

அல்காலாவின் குழு அதற்கு முன்பே, 1974-ல், பக்கத்து மாகாணமான செபுவின் ஒஸ்லோப் முனிசிபாலிட்டியைச் சேர்ந்த சுமிலோன் தீவில் இதை ஆரம்பித்திருந்தது. அங்கே மீன் பெருகியது, ஆனால் உள்ளூர் அரசியல் ஒத்துழைக்கவில்லை. 1984-ல் காவல் உடைந்து, வலைகள் உள்ளே வந்துவிட்டன. சட்டம் எப்படி இருந்தாலும் மேயர் மனசும் கரைக்காரர்கள் பிடிவாதமும்தான் கடலைக் காக்கின்றன என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆப்போவுக்கும் சிக்கல் வந்தது, வேறு திசையிலிருந்து. 1994-ல் மத்திய அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. முக்குளிக்க வருகிறவர்கள் கட்டும் கட்டணம் தலைநகர் வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. பணமும் தாமதம், முடிவெடுக்கும் உரிமையும் கைவிட்டுப்போனது என்று தீவுக்காரர்களுக்கு மனத்தாங்கல். நியாயமான கோபம்தான். அப்புறம் 2011, 2012 டிசம்பர் சூறாவளிகள் அந்தக் காப்பகப் பாறையையே நொறுக்கிவிட்டுப் போயின.

முனிசிபாலிட்டிகளின் அந்த 15 கிலோமீட்டர் கடல் வழக்கிலும் சிக்கியது. வணிக மீன்பிடிப் படகுகளையும் உள்ளே விட வழிசெய்த கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு 2024-ல் நிலைநிறுத்தியதும், நாடு முழுக்கச் சிறு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.