ஒரு கவராயமும் நாலு பேரும்

அன்பின் அக்கா,

மகன் வெள்ளவத்தையில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் தரம் 7 படிக்கிறான். ஒவ்வொரு பிள்ளைக்கும் டெப், வகுப்பில் ஸ்மார்ட் போர்ட். மச்சாளின் மகள் கொட்டாஞ்சேனையில் அரசாங்கப் பாடசாலை, கரும்பலகையும் சோக்கும்தான். அவள் எல்லோரோடும் கலகலவென்று பேசுகிறாள், தன் பாடத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாள். இவனுக்கு அசைன்மென்ட் வந்தால் நான் பக்கத்தில் இருந்து தேடிக் கொடுக்க வேண்டும். பாடசாலையை மாற்றட்டுமா? மாற்றினால் ஆங்கிலம் போய்விடுமோ, மாற்றாவிட்டால் கண் பழுதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு தாய், வெள்ளவத்தை

அன்பின் தங்கச்சி,

கண்ணுக்குக் கண் டொக்டரைக் கேளுங்கள். ஆங்கிலம் எங்கேயும் ஓடிப்போகாது. "பக்கத்தில் இருந்து தேடிக் கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஏழாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வாங்கில் நாலு பேருக்கு ஒரே கவராயம். அதுவும் என்னோடு கோபமாக இருந்த பிள்ளையினுடையது. கவராயத்தின் கால் தளர்ந்துபோய், பென்சில் துண்டு நழுவாமல் இருக்கக் கடதாசியை மடித்துச் செருகியிருப்பாள். கோணத்தை இருசமக்கூறிட வேண்டும். மூன்று நாளாகப் பேசாதவளிடம் போய்க் கேட்டேன். "முதல்ல எனக்குச் செய்து காட்டு" என்றாள். காட்டத் தொடங்கியபோதுதான் எனக்கே அது பாதிதான் விளங்கியிருந்தது தெரிந்தது. இரண்டு பேருமாக வில்லைப் பிழையாக வரைந்து, அழித்து, கொப்பித் தாள் ஓட்டையாகிக் கடைசியில் கோணம் வந்தது.

இல்லாமையை நான் மெச்சவில்லை. கரும்பலகையில் இருப்பதை வாய் திறக்காமல் எழுதி எடுக்கும் வகுப்புகளும் இருக்கின்றன; அங்கே தானாகப் படிப்பதும் இல்லை, பேசிப் பழகுவதும் இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். ஆனால் பாடசாலைக் கணினிகளுக்குப் பெரும் பணம் போட்ட நாடுகளிலும் வாசிப்பிலோ கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஈசிடியே 2015இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1999இல், டெல்லி கல்காஜியில் சுகத மித்ரா என்ற ஆய்வாளர் சேரியை ஒட்டிய சுவரில் ஒரு கணினியைப் பதித்து வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் கூட்டமாக நின்று ஒருவருக்கொருவர் காட்டிக்காட்டியே பழகினார்கள். அதை வாசித்தபோது எங்கள் கவராயத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டெப்பை விடுங்கள், தங்கச்சி. தடக்கிய அடுத்த நிமிஷமே அம்மா ஓடி வந்தால் அவன் எதற்கு வகுப்புத் தோழனைக் கேட்கப் போகிறான்? நீங்கள் தேடிக் கொடுத்த அசைன்மென்ட்டுக்கு விழுந்த புள்ளி உங்களுடையது. கோபிக்காதீர்கள். நானும் என் மகளுக்கு இதையேதான் செய்தேன். பல்கலைக்கழகம் போன முதல் கிழமை, ஒரு படிவம் நிரப்பத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்து அழுதாள். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கேட்க அவளுக்கு வரவில்லை.

அடுத்த அசைன்மென்ட் வரும்போது நீங்கள் குசினியிலேயே இருங்கள். வகுப்புத் தோழன் ஒருவனை அவனே வீட்டுக்குக் கூப்பிடட்டும். இரண்டு பேருக்கும் ஒரே டெப். பிந்தினால் பிந்தட்டும், புள்ளி குறைந்தால் குறையட்டும். எட்டிப் பார்க்க மனம் துடிக்கும், தெரியும். தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.