வெளிநாட்டில் மருத்துவம் படித்தபின் சிறப்புப் பயிற்சிக்குச் சொந்த நாடு திரும்பலாமா?

கடைசியில் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்? அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிறப்புப் பயிற்சி, அதாவது ஒரு துறையில் நிபுணராவதற்கான பயிற்சி, துறையைப் பொறுத்து, பெரும்பாலும் 3 முதல் 7 ஆண்டுகள் பிடிக்கும். அந்தச் சான்றிதழ் எல்லா நாட்டிலும் செல்லாது. அமெரிக்காவுக்குப் போகும் அனுபவமுள்ள நிபுணர்கள்கூடப் பெரும்பாலும் ரெசிடென்சியை (அந்நாட்டுச் சிறப்புப் பயிற்சியை) முதலிலிருந்து செய்கிறார்கள். நோயாளிகளின் பேச்சு, அந்த ஊர் நோய்கள், பின்னாளில் உங்களிடம் நோயாளிகளை அனுப்பப்போகும் சக மருத்துவர்கள், எல்லாம் பயிற்சி பெறும் இடத்தில்தான் பழக்கமாகும்.

சரி, திரும்புவதென்றால்? உங்கள் பட்டம் செல்லுமா, உரிமத் தேர்வு உண்டா, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை மறுபடி செய்யச் சொல்வார்களா என்று அந்நாட்டு மருத்துவ கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். சீனியர் சொன்னது பழைய விதியாக இருக்கலாம். சம்பளக் கணக்கெல்லாம் அப்புறம். முடிவெடுக்காமல் இரண்டு மூன்று வருடம் சும்மா ஓட்டினால், சில நாடுகளில் இடம் கிடைப்பது சிரமமாகலாம்.